யாரும் அனுப்பாத குறுக்கீடு

பிற்பகல் இரண்டு மணி தாண்டினால் பங்சார் குன்றின் மேல் மேகம் கறுப்பது கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. சுபாங் சுற்றுவட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 நாள் இடி கேட்கிறது. உலகில் மின்னல் மிக அதிகமாக விழும் இடங்களில் இதுவும் ஒன்று. மழை விட்ட பிறகு ஆட்டோகேட் திறக்கவில்லை, மோடம் எரிந்துபோனது என்ற பேச்சு ஜாலான் மாரோப் பக்கம் அடிக்கடி காதில் விழும். அது கண்ணுக்குத் தெரிகிற சேதம். இந்த அத்தியாயம் தெரியாத சேதத்தைப் பற்றியது. எதுவும் எரியாது, எதுவும் உடையாது. ஆனால் நடக்காத ஒன்று நடந்துவிட்டதாகக் கணினி நம்பிவிடும்.

பங்சாரில் படிக்கும் ஒரு மாணவி பள்ளியின் அறிவியல் போட்டிக்காக ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையை வைத்து மழைமானி ஒன்று செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். புனலுக்குக் கீழே சீசா போல ஆடும் இரண்டு சிறு குழிகள் இருக்கும். ஒரு குழியில் 0.2 மில்லிமீட்டர் மழைக்கான நீர் சேர்ந்ததும் அது சாய்ந்து கொட்டும், மற்றது மேலே வரும். சாயும்போது அதிலுள்ள காந்தம் ஒரு ரீட் சுவிட்சைக் கடந்து போகும். சுவிட்ச் ஒரு கணம் மூடித் திறக்கும். அந்தக் கணம் கம்பி வழியே செயலியின் பின்னுக்கு (pin) வந்து, செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தச் செய்யும். இதுதான் குறுக்கீடு. செயலி எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிவிட்டு விட்ட இடத்துக்குத் திரும்பும். வானிலைத் துறைகள் உலகெங்கும் பயன்படுத்தும் தானியங்கி மழைமானிகளில் பல இதே கொள்கையில்தான் இயங்குகின்றன.

முதல் நாளே கணக்கு தப்பும். ரீட் சுவிட்சின் உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொட்டதும் அமைதியாக ஒட்டிக்கொள்வதில்லை. ஒரு மில்லிவினாடிக்குள் பலமுறை துள்ளும். மனிதக் கண்ணுக்கு அது ஒரே தொடுகை, செயலிக்கோ நான்கைந்து. 0.2 மில்லிமீட்டர் மழை 0.8 ஆகப் பதிவாகும். அடுத்து மின்னல். மொட்டை மாடியிலிருந்து வகுப்பறைவரை இழுத்த இருபது மீட்டர் கம்பி ஒரு நல்ல ஆன்டெனா. பந்தாய் பக்கம் ஒரு மின்னல் விழுந்தால், இந்தக் கம்பியில் ஒரு கணம் மின்னழுத்தம் தாவும். பின்னுக்கு அது காந்தம் கடந்ததைப் போலவே தெரியும். ஒரு துளிகூட விழாமல் மழை பெய்ததாகக் கணக்கு ஏறும்.

கோலாலம்பூரில் இது பள்ளிப் போட்டியோடு நிற்கிற விஷயமல்ல. 2007-இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கம் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ளது. சாதாரண நாளில் அதன் ஒரு பகுதியில் கார்கள் ஓடுகின்றன. கடும் வெள்ளம் வந்தால் கார்களை வெளியேற்றிவிட்டு அதே பாதையில் நீரைத் திருப்பிவிடுகிறார்கள். மேற்பகுதியில் எவ்வளவு மழை, ஆற்றில் எவ்வளவு நீர் என்ற அளவீடுகளை நம்பித்தான் அந்த முடிவு எடுக்கப்படுகிறது. கருவி சொல்வது உண்மைதானா என்று எங்கோ ஓர் அடுக்கில் யாரோ சரிபார்த்தாக வேண்டும்.

அந்த அடுக்குக்கு டிரைவர் என்று பெயர். ஒரு குறிப்பிட்ட கருவியோடு பேசத் தெரிந்த மென்பொருள் அது. கருவி என்ன செய்யும் என்பதோடு, எதைச் செய்யவே முடியாது என்பதையும் ஒரு நல்ல டிரைவர் அறிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. மழைமானியையே எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 150 மில்லிமீட்டர் என்பது பங்சார் சாலைகளைக் கால்வாயாக்கும் மழை. அப்போதும் குழி மணிக்கு 750 முறைதான் சாயும், அதாவது 4.8 வினாடிக்கு ஒருமுறை. அப்படியென்றால் ஐம்பது மில்லிவினாடி இடைவெளியில் வரும் இரண்டாவது குறுக்கீடு பொய்யாகத்தான் இருக்க முடியும். அதைத் தள்ளிவிடலாம். குறுக்கீடு வந்ததும் ஒரு மில்லிவினாடி பொறுத்து, அந்தப் பின் இன்னும் தாழ்நிலையில்தான், அதாவது சுவிட்ச் மூடிய நிலையில்தான், இருக்கிறதா என்று மீண்டும் பார்க்கலாம். மின்னலின் தாவல் அதற்குள் மறைந்திருக்கும், காந்தம் மூடிய சுவிட்ச் மூடியே இருக்கும். கம்பியில் ஒரு மின்தடையும் மின்தேக்கியும் சேர்த்தால் பாதித் தொல்லை வாசலிலேயே தீர்ந்துவிடும். எதனுடனும் இணைக்காமல் பின்னை அந்தரத்தில் விடுவது மட்டும் கூடவே கூடாது. அது காற்றில் மிதக்கும் மின்புலத்துக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

இன்னொரு பொறியும் அதே பலகையில் இருக்கிறது. ஆர்டுயினோ மெகாவில் உள்ள ஏடிமெகா 2560 சில்லு, குறுக்கீடு அணைத்து வைக்கப்பட்டிருக்கும்போதும் வந்துபோன விளிம்பை, அதாவது கம்பியின் நிலை மாறிய கணத்தை, ஒரு பிட்டில் குறித்து வைத்துக்கொள்ளும். நாம் குறுக்கீட்டை இயக்கிய மறுகணமே அந்தப் பழைய குறிப்பு உயிர்பெற்றுப் பாயும். எந்த விளிம்பில் விழிக்க வேண்டும் என்ற அமைப்பை மாற்றுவதே ஒரு குறுக்கீட்டை உண்டாக்கக்கூடும் என்று அதன் கையேடு எச்சரிக்கிறது. முதலில் அணை, பிறகு அமைப்பை மாற்று, பிறகு பழைய குறிப்பை அழி, கடைசியாக இயக்கு என்பது அது சொல்லும் வரிசை. இந்த வரிசை பெரிய கணினிகளிலும் மாறாமல் திரும்ப வரும்.

குறுக்கீடே இல்லாத கணினிகளும் இருந்தன. பங்சாரில் தலைமையகம் வைத்திருக்கும் தெனாகா நேஷனலின் முன்னோடியான தேசிய மின்சார வாரியம் 1960களின் நடுவில் ஐபிஎம் 1401 ஒன்றை வாங்கியது. மலேசியாவின் முதல் கணினி என்று அதைத்தான் சொல்வது வழக்கம். அதன் அடிப்படை அமைப்பில், துளை அட்டை வாசிக்கப்படும் நேரத்தின் பெரும்பகுதியில் செயலி கைகட்டிக் காத்திருந்தது. அட்டை வாசிப்பான் அழைக்கும்வரை வேறு வேலை பார்க்க அதற்கு வழியில்லை. ஆகவே பொய் அழைப்புக்கும் அங்கே இடமில்லை.

ஆம்ஸ்டர்டாமில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வேறொரு விவாதம் நடந்தது. லூப்ஸ்ட்ராவும் ஸ்கோல்டனும் வடிவமைத்த எக்ஸ்1 கணினியில் குறுக்கீடு இருக்கும் என்றதும் அங்கே நிரலாளராக இருந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா அஞ்சினார். நிரலின் எந்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவே அது வந்து விழும் என்று சொல்ல முடியாது. ஒருமுறை தோன்றிய பிழையை மறுமுறை வரவழைக்கவும் முடியாது. கடைசியில் அவரே பொறுப்பேற்று அதற்கான நிரலை எழுதினார், 1959-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வும் அதைப் பற்றியதுதான். டைக்ஸ்ட்ராவின் அச்சத்தை நான் முழுமையாக மதிக்கிறேன். உண்மையான குறுக்கீடே அவ்வளவு பயம் தருவது என்றால், பொய்யானதைப் பற்றி என்ன சொல்ல!

பொய்க் குறுக்கீட்டை வன்பொருளே ஒப்புக்கொள்ளும் பழைய, நேர்மையான ஏற்பாடு ஒன்று இன்டெல் 8259 என்ற சில்லில் இருக்கிறது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் ஒன்று, 1984-இல் வந்த ஏடி கணினியில் இரண்டு. விசைப்பலகை, வட்டு, அச்சுப்பொறி எல்லாம் இதன் எட்டு உள்ளீடுகளில் வந்து முறையிடும். யாரை முதலில் உள்ளே விடுவது என்று இது தீர்மானிக்கும். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தொடங்கிய முதல் ஒருங்கிணைப்பு ஆலை 1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில்தான் எழுந்தது. 1975-இல் தீயில் அழிந்து மீண்டும் நிமிர்ந்தது. அந்தக் காலத்து இன்டெல் சில்லுகள் பலவற்றின் முதுகில் மலேசியா என்று அச்சாகியிருப்பதற்கு அந்த ஆலையில் உழைத்த பெண்களே காரணம். நம் ஊர்க் கைகள் பொதிந்த இந்தத் தொழில்நுட்பம் பற்றி நம் மொழியில் இவ்வளவு குறைவாக எழுதப்பட்டிருப்பது எனக்கு வருத்தமே.

8259-இன் உரையாடல் இரண்டு கட்டம் கொண்டது. கருவி தன் கம்பியை உயர்த்தும், சில்லு செயலிக்குச் சேதி அனுப்பும். செயலி கையிலிருக்கும் கட்டளையை முடித்துவிட்டு, யார் அழைத்தது என்று சில்லைத் திருப்பிக் கேட்கும். இந்த இரண்டுக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி உண்டு. அதற்குள் கம்பி தாழ்ந்துவிட்டால்? இரைச்சலாக இருந்திருக்கலாம், அல்லது கருவி அவசரப்பட்டுக் கோரிக்கையைத் திரும்பப் பெற்றிருக்கலாம். செயலி கேட்டுவிட்டது, ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சில்லு 7 என்று சொல்லும். முன்னுரிமை வரிசையில் ஆகக் கடைசி எண் அது.

ஏழாம் எண்ணில் வழக்கமாக அச்சுப்பொறி இருக்கும். அச்சுப்பொறிதான் அழைத்ததா, சில்லு வேறு வழியின்றிச் சொன்னதா என்று பிரித்தறிய, 8259-க்குள் ஒரு ரெஜிஸ்டர் உண்டு. இப்போது எந்தெந்தக் குறுக்கீடுகள் கவனிக்கப்படுகின்றன என்பது அதில் இருக்கும். ஏழாவது பிட் 1 என்றால் உண்மை, 0 என்றால் பொய். பொய்யாக இருந்தால் வேலை முடிந்தது என்ற அறிவிப்பைச் சில்லுக்கு அனுப்பவே கூடாது. இந்த இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அந்த அறிவிப்பு, கவனிக்கப்பட்டுக்கொண்டிருப்பவற்றில் ஆக உயர்ந்த முன்னுரிமை உள்ளதை முடித்து வைக்கும். பொய்க் குறுக்கீட்டுக்கு அங்கே பதிவே இல்லாததால், வேறொரு கருவியின் பாதியில் நிற்கும் வேலை முடிந்ததாகக் குறிக்கப்பட்டுவிடும். இரண்டு சில்லுகள் உள்ள கணினியில் பொய் இரண்டாவது சில்லிலிருந்து வந்தால் அது 15-ஆம் எண்ணாகத் தெரியும். அப்போது முதல் சில்லுக்கு மட்டும் அறிவிக்க வேண்டும், இரண்டாவதற்குக் கூடாது. முதல் சில்லைப் பொறுத்தவரை அழைப்பு உண்மையாகவே வந்தது அல்லவா?

அட்டைகளைச் செருகும் பிசிஐ பாதை வந்த பிறகு சிக்கலின் முகம் மாறியது. ஒரே கம்பியை நாலைந்து அட்டைகள் பகிர்ந்துகொண்டன. இங்கே கம்பியைத் தாழ்த்துவதுதான் அழைப்பு. கம்பி தாழ்ந்திருக்கும்வரை குறுக்கீடு நீடிக்கும் என்பதால், எதுவும் தவறிப்போகாது என்ற நன்மை உண்டு. தீமையும் அதிலேயே இருக்கிறது. யாரும் கவனித்துக் கம்பியை விடுவிக்காவிட்டால் செயலி வெளியே வந்த கணமே மறுபடி உள்ளே இழுக்கப்படும். கணினி உறைந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அது முழு வேகத்தில், ஒன்றுமில்லாத ஒன்றை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும்.

லினக்ஸ் இதற்கு ஒரு நீதிமுறையை வைத்திருக்கிறது. 2003 முதல், குறுக்கீடு வந்ததும் அழைக்கப்படும் ஒவ்வொரு டிரைவரும் தன் கருவியின் நிலையை வாசித்து, "என்னுடையது" அல்லது "என்னுடையது அல்ல" என்று பதில் சொல்ல வேண்டும். லினக்ஸின் மையமான கெர்னல் எண்ணிக்கொண்டே இருக்கும். 1,00,000 குறுக்கீடுகளில் 99,900-க்கும் மேல் உரிமை கோருவார் இல்லாமல் போனால், இதை யாரும் கவனிக்கவில்லை என்று பதிவில் எழுதிவிட்டு அந்தக் கம்பியையே மூடிவிடும். கணினி பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதே கம்பியில் இருந்த நிரபராதிக் கருவிகளும் சேர்ந்து முடங்கும், அல்லது தட்டுத்தடுமாறி நகரும்.

இங்கே டிரைவர் எழுதுபவர் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு, நிலையைப் பார்க்காமலே எப்போதும் "என்னுடையது" என்று சொல்வது. சோதனைக் கணினியில் அந்தக் கம்பியில் வேறு கருவி இல்லாததால் எல்லாம் ஒழுங்காக ஓடும். வாடிக்கையாளரின் கணினியில் இன்னொரு அட்டை பழுதாகிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும்போது, இந்தப் பொய்ச் சாட்சி கெர்னலின் கணக்கையே குருடாக்கிவிடும். கெர்னல் கம்பியை மூடாது, கணினி மீளாது. இதை அலட்சியம் என்று சொல்வதே எனக்குக் குறைவாகத் தோன்றுகிறது. இதன் சகோதரத் தவறு ஒன்றும் உண்டு. கருவி உறக்க நிலையில் இருந்தாலோ கழற்றப்பட்டுவிட்டாலோ, அதன் நிலையை வாசிக்கும்போது எல்லா பிட்டுகளும் 1 என்று வரும். அதை அப்படியே நம்பும் டிரைவர், நடக்கக்கூடிய எல்லாமே ஒரே நேரத்தில் நடந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு இல்லாத கருவிக்குப் பணிவிடை செய்யத் தொடங்கும். எல்லாம் 1 என்ற விடையை முதல் வரியிலேயே பிடித்து வெளியேற்ற வேண்டும்.

டிரைவர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் பொய் வரும் ஒரு வழி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சிக்கலும் அதுதான். குறுக்கீட்டைக் கவனித்த டிரைவர், "கேட்டுவிட்டேன், கம்பியை விடு" என்று கருவியின் ரெஜிஸ்டரில் எழுதுகிறது. செயலிக்கும் கருவிக்கும் நடுவே உள்ள பாதை, வேகம் கருதி எழுத்துகளைத் தன்னிடம் தேக்கி வைத்துக்கொண்டு செயலியை உடனே போகவிடுகிறது. தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு வீடு திரும்புவதைப் போன்றது இது. நாம் வீடு வந்துவிட்டோம், கடிதம் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. செயலி குறுக்கீட்டை மீண்டும் இயக்கும்போது கருவிக்குச் சேதி போய்ச் சேரவில்லை, கம்பி இன்னும் தாழ்ந்தே இருக்கிறது. செயலி மறுபடி உள்ளே குதிக்கும். நிலையை வாசிப்பதற்குள் சேதி போய்ச் சேர்ந்துவிடும். கருவி, நான் அழைக்கவில்லையே என்று அமைதியாகச் சொல்லும்.

டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஓமேப் சில்லுகளில் இது பலரைப் பல இரவுகள் அலைக்கழித்தது. பீகிள்போர்டு போன்ற பலகைகளில் இருந்த சில்லுக் குடும்பம் அது. லினக்ஸின் ஓமேப் பகுதியில் இதற்கென்றே ஒரு செய்தியை எழுதி வைத்தார்கள். பொய்க் குறுக்கீடு வந்தால், அதற்குச் சற்று முன் கவனிக்கப்பட்டது எந்த எண் என்பதைச் சொல்லி, அதன் தேங்கிய எழுத்தைத் தள்ளிவிடுங்கள் என்று அந்தச் செய்தி கேட்டுக்கொள்ளும். குற்றம் நடந்த இடத்தை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய வீட்டைச் சுட்டிக்காட்டும் பிழைச் செய்தி! இப்படிப்பட்ட செய்திகளை எழுதுபவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

மருந்து ஒரே வரி. எழுதிய பிறகு அதே கருவியிலிருந்து எதையாவது ஒருமுறை வாசிக்க வேண்டும். வாசிப்பு முன்னே போன எழுத்தை முந்தாது, விடை வரும்வரை செயலி நகராது. ஆகவே விடை வந்துவிட்டால் எழுத்தும் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த ஒரு வாசிப்புக்காகச் செயலி நூற்றுக்கணக்கான நானோ வினாடிகள் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால் வேகப் பிரியர்கள் அதை நீக்கிவிடுவார்கள். பயனில்லாத வரி என்று நினைத்து, அறியாமல் நீக்குபவர்களும் உண்டு. இந்த வாசிப்பு ஏன் இங்கே இருக்கிறது என்று அந்த வரியின் தலைமேல் ஒரு குறிப்பு எழுதி வைப்பது நல்லது.

கம்பியையே ஒழித்துவிட்டால் என்ன என்ற எண்ணம் 1998-இல் வந்த பிசிஐ 2.2-இல் எம்எஸ்ஐ ஆக வடிவெடுத்தது. கருவி இனிக் கம்பியை ஆட்டாது. குறிப்பிட்ட முகவரியில் ஓர் எண்ணை எழுதும், அந்த எழுத்தே குறுக்கீடு. பகிர்வும் தேவையில்லை. இன்றைய பிசிஐ எக்ஸ்பிரஸ் கருவிகள் பெரும்பாலும் இவ்வழியே பேசுகின்றன. கம்பியில் பிறக்கும் பொய்கள் இதனால் பெருமளவு மறைந்தன. முழுவதும் அல்ல. முந்தைய சுற்றிலேயே அள்ளி முடித்த வேலைக்காக, தாமதமாக ஓர் அழைப்பு வந்து சேரலாம். அது வந்து, ஒன்றுமில்லை என்று பார்த்து, போய்விடும். அதைக் கண்டு டிரைவர் பதறாமல் இருந்தால் போதும்.

உண்மையான குறுக்கீடுகளே வெள்ளமாக வந்தாலும் கணினி உறைந்ததுபோல் ஆகிவிடும். ஜெஃப்ரி மோகலும் கே. கே. ராமகிருஷ்ணனும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வலைப்பின்னலில் பொட்டலங்கள் ஓர் அளவுக்கு மேல் குவிந்தால், செயலி குறுக்கீடுகளுக்குப் பதில் சொல்வதிலேயே காலத்தைக் கழித்துவிடும். எந்தப் பொட்டலமும் ஊர் போய்ச் சேராது. முதல் அழைப்போடு குறுக்கீட்டை அணைத்துவிட்டு, தானே போய் ஓர் அளவுவரை அள்ளிக்கொண்டு, மேசை காலியான பிறகே மீண்டும் இயக்க வேண்டும் என்றார்கள். இதே சிந்தனைதான் 2000களின் தொடக்கத்தில் லினக்ஸின் வலைப்பின்னல் டிரைவர்களுக்குள் நாப்பி என்ற பெயரில் குடியேறியது.

மீதமிருப்பது தொடக்கமும் முடிவும். டிரைவர் கண் விழிக்கும்போது கருவி எந்த நிலையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பயாஸ் அதைத் தொட்டிருக்கலாம். இதற்கு முன் ஓடிய கெர்னல் பாதியில் இறந்திருக்கலாம். விபத்துக்குப் பின் நினைவகத்தைப் படம்பிடிக்க எழும்பும் கேடம்ப் கெர்னலுக்கு இதுவே அன்றாடப் பிழைப்பு. பழைய கெர்னல் இயக்கிவிட்ட கருவிகள், அது செத்தது தெரியாமல் அழைத்துக்கொண்டே இருக்கும். எனவே கருவியின் குறுக்கீட்டை முதலில் அணைத்து, தேங்கிய நிலையை அழித்து, தன் தரவு அமைப்புகளையெல்லாம் தயாராக்கிய பிறகே டிரைவர் கெர்னலிடம் பெயர் பதிய வேண்டும். கருவியை இயக்குவது அதற்கும் பிறகு. விடைபெறும்போது வரிசை தலைகீழ். கருவியை அணை, பெயரை நீக்கு, அதன் பின்பே நினைவகத்தை விடுவி.

பெயர் பதிந்த கணத்திலிருந்து, தன் கருவி தூங்கினாலும், பக்கத்து அட்டையின் அழைப்புக்காக டிரைவர் எழுப்பப்படலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கெர்னலின் பிழைதேடும் அமைப்புகளில் இதற்காகவே ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால், பகிரப்பட்ட கம்பியிலிருந்து டிரைவர் விலகும் தறுவாயில் கெர்னல் தானே ஒரு பொய்க் குறுக்கீட்டை அனுப்பிப் பார்க்கும். வரிசை தவறி நினைவகத்தை முன்பே விடுவித்திருந்தால் டிரைவர் அங்கேயே குப்புற விழும். சோதனைக்கூடத்தில் விழுவது நல்லது.

உங்களிடம் லினக்ஸ் கணினி இருந்தால் ப்ராக் கோப்பகத்தில் உள்ள இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். வழக்கமான பிசி என்றால் கடைசி வரிகளில் பொய்க் குறுக்கீடுகளுக்கென்று தனி எண்ணிக்கை இருக்கும், ஆரோக்கியமான கணினியில் பெரும்பாலும் அது 0. ஒவ்வொரு குறுக்கீட்டு எண்ணுக்கும் உள்ள தனிக் கோப்பகத்தில், வந்தவை எத்தனை, உரிமை கோரப்படாதவை எத்தனை என்ற கணக்கும் உண்டு. உரிமை கோரப்படாதவை ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடலாம். எண் ஏறிக்கொண்டே போனால் அந்தக் கம்பியைப் பகிரும் டிரைவர்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். எதை நீக்கியதும் எண் நிற்கிறதோ, அதன் நிரலைத் திறந்து, கருவிக்கு எழுதிய வரிக்கு அடுத்து ஒரு வாசிப்பு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.